கொடியில் காய்ந்த ஜக்கெற்றுகள்

முன்பெல்லாம் மத்தியான வெயிலில் ஒழுங்கையால் போகிறவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால், எங்கள் வளவுக்குள் ஒரு கூட்டம் நிற்பது போலத் தெரியும். எல்லாருக்கும் செம்மஞ்சள் சட்டை. கடற்காற்று வீசினால் எல்லாரும் சேர்ந்து ஒரே பக்கம் திரும்புவார்கள். ஒருவருக்கும் தலை இல்லை.

“அம்மா, இந்தத் தலையில்லாத ஆக்களைப் பாத்தே கள்ளன் ஓடிடுவான்,” என்று மகள் தர்சினி சிரிப்பாள். பாடசாலையில் படிப்பிக்கிறவள். சனி ஞாயிறுகளில்தான் இந்தக் காட்சியைப் பார்க்க அவளுக்குக் கிடைக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. தலையில்லாத ஆட்கள் என்று அவள் சொன்ன நாளிலிருந்து என்னால் அவற்றை வேறு விதமாகப் பார்க்க முடியவில்லை.

அவை உயிர்காப்பு அங்கிகள். நாங்கள் ஜக்கெற் என்றுதான் சொல்வோம். என் கணவர் யோகராசா திருகோணமலைக்கும் மூதூர்க் கரைக்கும் இடையே ஆள் ஏற்றும் படகு ஓட்டியவர். காலைப் பயணம் முடிந்ததும் ஜக்கெற்றுகளைச் சாக்கில் அடைத்து ஓட்டோவில் வீட்டுக்கு அனுப்புவார். நான் கிணற்றடியில் சோப்புத்தூளில் ஊறவைத்து, கும்மி, அலசிக் கொடியில் போடுவேன். பின்னேரப் பயணத்துக்குள் காய்ந்துவிடும். நகரத்துத் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று இடைக்கிடை வேலிக்குள் தலையை நீட்டித் தொங்குகிற நாடாவைச் சப்பும். “ச்சூ” என்று கலைத்தால் மெல்லத் திரும்பி, நான் ஏதோ பிழை செய்தவள் போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும்.

உயிர்காப்பு அங்கியைச் சோப்புப் போட்டுத் தோய்க்கிற ஊர் உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா தெரியாது. நாங்கள் தோய்த்தோம். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் என் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரை வாசிக்கிற ஒரு அக்கா சந்தையில் கண்டு, “பயத்தைத் தவிர வேற ஒண்டும் எழுதத் தெரியாதோ உமக்கு?” என்று கேட்டார். தெரிந்ததைத்தானே எழுதலாம்.

பாதையில் வேலை செய்தவர்

என் அப்பா பாதையில் வேலை செய்தவர். எங்கள் பக்கத்தில் பாதை என்றால், கடலோடு சேரும் களப்பின் வாயைக் கடக்க வாகனங்களை ஏற்றிப் போகும் பெரிய தட்டை மிதவை. இப்போது பாலங்கள் வந்துவிட்டன. அப்போது பஸ்ஸும் லொறியும் மாட்டு வண்டியும் அதில்தான் ஏறும். இரண்டு கரைக்கும் கட்டிய கம்பியைப் பிடித்து ஆட்கள் இழுப்பார்கள். வாகனம் ஏறி நின்றதும் சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைப்பது அப்பாவின் வேலை.

கட்டை வைத்த பிறகு அப்பா ஒரே ஒரு வார்த்தை சொல்வார். “இறங்குங்கோ.”

வாகனத்துக்குள் ஒருவர்கூட இருக்கக்கூடாது. மழையென்றாலும் இறங்கவேண்டும். கிழவர் என்றாலும் கைபிடித்து இறக்குவார். ஒருதரம் கலியாணக் கார் ஒன்று வந்தது. பொம்பிளை உள்ளே. சேலை நனையும், சேறு படும், இறங்க மாட்டா என்று மாமன்காரன் சத்தம் போட்டான்.

“இறங்கினாத்தான் பாதை வெளிக்கிடும்,” என்றார் அப்பா.

“முகூர்த்தம் தப்பினா நீர் பொறுப்போ?”

“பாதைக்குத்தான் நான் பொறுப்பு. அதுக்குத்தான் சம்பளம்.”

அப்பா கட்டையின் மேல் குந்திவிட்டார். கரையில் வாகனங்கள் சேர்ந்து ஹோர்ன் அடித்தன. கடைசியில் பொம்பிளையே கதவைத் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈர இரும்பில் வெறுங்காலோடு இறங்கி நின்றாள். அப்பாவுக்குக் கொண்டுபோன சோற்றுப் பார்சலோடு நான் பக்கத்தில் நின்றேன். அவளுடைய கால் விரல்கள் மருதோன்றிச் சிவப்போடு இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அவளுக்கும் என்னைப் போலவே பயம்.

என் பள்ளிக்கூடம் அக்கரையில் இருந்தது. அப்பா புத்தகப் பையோடு ஒரு வெறும் பிளாஸ்ரிக் கானையும் என் கையில் தருவார். தேங்காய் எண்ணெய் வருகிற வெள்ளைக் கான். மூடியை இறுக்கிப் பூட்டி, பிடியில் கயிறு கட்டியிருப்பார். “விழுந்தா இதை விடாத,” என்பார். பெட்டையள் எல்லாம் எனக்குக் ‘கான்காரி’ என்று பட்டம் வைத்தார்கள். வெட்கத்தில் அதைப் பற்றைக்குள் ஒளித்துவிட்டுப் போவேன். பின்னேரம் அப்பா தேடி எடுத்து வைத்திருப்பார். அடுத்த நாள் திரும்பவும் தருவார்.

பிறகு சண்டைக் காலத்தில் பாதை நின்றது. ஒரு கிழமை, ஒரு மாதம் என்று சொல்லிச் சொல்லி அது ஓடவேயில்லை. பள்ளிக்கூடம் அக்கரையில், நான் இக்கரையில். எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது அப்படித்தான். ஆகவே படகு ஓடவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் நானும் ஒருத்தி. படகு ஓடுகிறதே என்று பயப்படுகிறவர்களிலும் நான் ஒருத்தி. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் இருந்தால் நித்திரை எப்படி வரும்?

கலியாணத்துக்குப் பிறகு நான் படகில் ஏறியதில்லை. படகோட்டியின் பெண்சாதிக்குக் கடல் பயமாம் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சட்டம் வந்தது

போன மாரியில் வெள்ளம் வந்து தரைவழியில் ஒரு தாம்போதி, மழைத்தண்ணீர் மேலால் ஓடுகிற தாழ்ந்த பாலம், உடைந்தது. பஸ்கள் சுற்றிப் போகத் தொடங்கின. தர்சினிக்கு மூதூர்ப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் நியமனம் கிடைத்துக் கொஞ்ச நாள்தான். பஸ்ஸில் போனால் அவள் போய்ச் சேரும்போது முதல் இரண்டு பாடமும் முடிந்துவிடும். கொட்டியாரக் குடாவைப் படகில் குறுக்கே வெட்டினால் வெயில் ஏறுமுன் அக்கரை.

என் கணவருடைய படகுக்கு அதோடு நல்ல காலம் பிறந்தது. ஆசிரியர்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், சந்தைக்காரர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். ஆட்கள் சேர்ந்ததும் அரசாங்க அலுவலகமும் வந்தது. ஆள் ஏற்றும் படகெல்லாம் பதிய வேண்டும், ஓட்டுகிறவர் பரீட்சை எடுக்க வேண்டும், ஏறுகிற எல்லாரும் ஜக்கெற் போட வேண்டும்.

கும்பிட்டேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே சாமி அறையில் விளக்குக் கொளுத்திக் கும்பிட்டேன். என் பயத்தைக் கேட்டு யாரோ சட்டம் போட்டது போல இருந்தது.

வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து எல்லாப் படகுக்காரருக்கும் ஒரேயடியாக ஜக்கெற் விற்றார். உள்பக்கத்தில் முத்திரை குத்திய வெள்ளைத் துண்டு தைத்திருந்தது. அதில் எழுத்து இருந்தால்தான் படகுக்கு அனுமதி.

ஆனால் ஆட்கள் போட மாட்டோம் என்றார்கள்.

ஒருவர் வேர்த்த சட்டையை இன்னொருவர் எப்படிப் போடுவது? காலையில் மீன்காரர் போட்டதை அடுத்த பயணத்தில் பள்ளிவாசலுக்குப் போகிறவர் வெள்ளை உடுப்புக்கு மேல் போடுவாரா? கோயிலுக்கு விரதத்தோடு வருகிற அம்மா போடுவாவா? முதலாவதாக வாயைத் திறந்தவர் நஸீமா ராத்தா; முஸ்லிம் ஆட்கள் அக்காவை ராத்தா என்பார்கள். காலைப் படகில் மூதூர் போய், பின்னேரம் தயிர்ச் சட்டிகளோடு நகரத்துக்குத் திரும்புகிறவர். அவர் குரல் கேட்டால் எஞ்சின் சத்தம் கேட்காது.

“யோகராசா, இத நான் போட்டன் எண்டா என்ட தயிர ஒரு மனுசனும் வாங்கமாட்டான். சூடை மீன் மணக்குது.”

“சட்டம் ராத்தா. போடாட்டி ஏத்தேலாது.”

“அப்ப சட்டத்தக் கொண்டு போய்த் தோச்சிட்டு வரச் சொல்லு.”

படகு முழுக்கச் சிரித்ததாம். இவர் வீட்டுக்கு வந்து சொன்னார். நான் சிரிக்கவில்லை. வாளியை எடுத்தேன்.

அன்றைக்குத் தொடங்கியதுதான். தோய்த்த ஜக்கெற்றை எல்லாரும் போட்டார்கள். நஸீமா ராத்தா சந்தையில் என்னைக் கண்டால், “உன்ட சோப்பு வாசத்துக்காகவே கட்டுறன் புள்ள,” என்பார். மற்றப் படகுக்காரர் சாந்தன் தன்னுடையதைத் தோய்ப்பதில்லை. பொலித்தீன் உறையோடு கூரையில் தொங்கவிட்டிருந்தார். ஆட்கள் எங்கள் படகுக்கே வந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. கடல் என்ன செய்தாலும் இத்தனை பேரையும் நான் என் கையால் கட்டி மிதக்கவைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

காயவில்லை

வாடைக்காற்று தொடங்கி மூட்டம் போட்டபோது ஜக்கெற்றுகள் காய மறுத்தன. மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும். தூக்கினால் பாரம். கையால் அமத்தினால் தையலுக்குள்ளால் தண்ணீர் ஒழுகும். பிழிந்தால் இன்னும் வரும். சேலையைப் பிழிவது போல நானும் தர்சினியும் இரண்டு பக்கத்தில் பிடித்து முறுக்கிப் பார்த்தோம். வந்துகொண்டே இருந்தது.

“மிதக்கிற சாமான் ஏனம்மா தண்ணி குடிக்குது?” என்றாள் அவள். சும்மாதான் கேட்டாள்.

ஒன்றை எடுத்துக் குசினிக் கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தேன். உள்ளே ஸ்பொஞ்ச். பழைய மெத்தையில், கதிரையில் இருக்குமே, அந்த ஸ்பொஞ்ச். மஞ்சளும் நீலமும் கறுப்புமாகத் துண்டு துண்டாக வெட்டித் திணித்திருந்தது. ஒரு துண்டில் பூப்போட்ட துணிகூட ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ படுத்த மெத்தை.

இவர் வந்ததும் முன்னால் கொட்டினேன்.

“ஸ்பொஞ்ச் தானே இருக்கும்? பின்ன உள்ளுக்குப் பலாப்பழமோ வைப்பாங்கள்?” என்றார்.

“இஞ்சாருங்கோ, இது தண்ணி குடிக்குது.”

“நீ தோய்ச்சுத் தோய்ச்சுக் குடிக்கப் பழக்கிட்டாய். உனக்குப் பயப்பிட ஒண்டு வேணும். இல்லாட்டி சோறு இறங்காது.”

ஆனாலும் அடுத்த நாள் விடிந்ததும் பிரிக்காத ஒரு ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். நானும் பின்னால் போனேன். நாடாக்களை எல்லாம் கட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீருக்கு அப்பால் நீந்திப் போய்க் கையை விட்டார். நல்லாகவே மிதந்தார். “பாத்தியோ! ராசா மாதிரி!” என்று கையை ஆட்டினார். கரையில் வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள், “யோகண்ணை, ஜப்பானுக்கோ?” என்று கேட்டுச் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரம் போனது. தண்ணீர் அவருடைய நெஞ்சில் இருந்தது. பிறகு தோளில். பிறகு நாடியில். அவர் கையாட்டுவதை நிறுத்தினார். வாய்க்குள் தண்ணீர் போய் இருமியதும் நாடாவைப் பிடித்து இழுத்தார். ஈரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. தலை ஒருதரம் உள்ளே போய் வந்தது. வலைக்காரரில் ஒருவர் பாய்ந்து போனார்.

இவர் கடலில் பிறந்து வளர்ந்தவர் என்று சொல்லலாம். அவருக்கே அப்படி. மண்ணில் வந்து குந்தி, ஜக்கெற்றைக் கழற்றிப் பக்கத்தில் போட்டார். அது ஒரு மூட்டை மாதிரிப் பொத்தென்று விழுந்தது.

எழுத்து இல்லாத துண்டு

படகு கட்டுகிற துறையான ஜெட்டியில் படகுகளைப் பரிசோதிக்க ஒரு இளம் அதிகாரி வருவார். கெட்ட மனிதரல்ல. சப்பாத்து நனையாமல் ஏறப் பார்த்து ஒவ்வொரு தரமும் நனைப்பார். பிரித்த ஜக்கெற்றைப் பையில் போட்டுக்கொண்டு நானும் இவரும் அவரிடம் போனோம்.

“சேர், இதுக்குள்ள இருக்கிறது மெத்தை ஸ்பொஞ்ச். ஆள் விழுந்தா மிதக்காது, இழுத்துக்கொண்டுதான் போகும்,” என்றேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆர் பிரிச்சது?”

“நான்தான்.”

“முத்திரை குத்தின சாமானைப் பிரிக்கக் கூடாது அம்மா. நீங்கள் உள்ளுக்கு என்னத்தை வைச்சனீங்கள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“அப்ப நீங்களே மற்றதில ஒண்டைப் பிரிச்சுப் பாருங்கோ.”

“எனக்கு அந்த அதிகாரம் இல்லை.”

“அப்ப தண்ணிக்குள்ள போட்டுப் பாருங்கோவன் சேர்,” என்றார் இவர். “நான் போட்டுப் பாத்தனான். செத்துப் பிழைச்சனான்.”

அதிகாரி எங்கள் படகுக்குள் ஏறி, மற்ற ஜக்கெற்றுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவர் வெள்ளைத் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். துண்டு இருந்தது. எழுத்து இல்லை. என் சோப்புத்தூளும் மத்தியான வெயிலும் அதைத் துப்புரவாக எடுத்துவிட்டிருந்தன.

“இதில ஒண்டிலயும் எழுத்தைக் காணேல்லையே.”

“தோய்ச்சதில போயிட்டுது சேர்.”

“ஜக்கெற்றை ஆர் அம்மா தோய்க்கச் சொன்னது?”

ஆட்கள் சொன்னார்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. எழுத்தில்லாத ஜக்கெற்றோடு ஆள் ஏற்ற முடியாது என்று எங்கள் படகை நிறுத்தினார்கள். மிதக்காது என்று நாங்கள் சொன்னதற்காக நிறுத்தவில்லை. அதை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மாதிரி ஜக்கெற்றைக் கொழும்புக்கு அனுப்புவதாகவும் மறுமொழி வந்ததும் சொல்வதாகவும் அதிகாரி சொன்னார். உண்மையாகவே அனுப்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

சாந்தனுடைய படகைப் பார்த்தார். பொலித்தீன் உறைக்குள் எழுத்து பளிச்சென்று இருந்தது. அனுமதி கிடைத்தது.

ஒரே ஒரு படகு

“சாந்தன் அண்ணை, ஒண்டைத் தாங்கோ. வாளிக்குள்ள போட்டுப் பாத்திட்டுத் தாறன்,” என்று அவரிடம் கெஞ்சினேன்.

“உன்ர வாளியால ஒரு படகு கரையில கிடக்குது தங்கச்சி. எனக்கும் வாளி வைக்கப் பாக்கிறியோ?”

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. என்னுடையது தோய்த்துத் தோய்த்துக் கெட்டதா, பிறவியிலேயே கெட்டதா என்று சத்தியம் பண்ணிச் சொல்ல என்னாலும் முடியாது. ஸ்பொஞ்சைக் கண்ணால் கண்டவள் நான். ஆனாலும் இரவில் படுத்தால், எல்லாம் என் கையால் வந்த வினையோ, சாந்தனுடையதற்குள் நல்ல சாமான்தானோ என்று ஒரு நினைப்பு வரும். அந்த நினைப்பு வந்தால் கொஞ்சம் ஆறுதல். பயந்தவளுக்குத் தான் பிழை என்று தெரியவருவதைப் போல ஆறுதல் வேறில்லை.

சாந்தனுக்குப் படகு இருந்தது; வாடைக் கடலில் ஓட்ட நல்ல ஆள் இல்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டார். இவர் ஓம் என்றார்.

“தெரிஞ்சுகொண்டு அந்தப் படகை ஓடுவீங்களோ?” என்று நான் குசினிக்குள் இருந்து கத்தினேன்.

“நான் ஓடாட்டி வேற ஆரும் ஓடுவினம். அலை தெரியாதவன் ஓடுவான். அதுக்குள்ளதானே உன்ர மகளும் போறாள்? அது உனக்கு நல்லமோ?”

எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான். அவர் சொல்வது சரியாக இருக்கும், ஆனால் நெஞ்சு ஆறாது.

அடுத்த நாள் தர்சினி வெளிக்கிடும்போது ஒரு வெள்ளைக் கானைக் கயிறு கட்டிக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், கானைப் பார்த்தாள்.

“அம்மா, நான் ரீச்சர். இதோட போனா பிள்ளையள் எனக்குக் கான் ரீச்சர் எண்டு பேர் வைக்கும்.”

“வைக்கட்டும். எனக்கும் வைச்சவை.”

கொண்டுபோனாள். பின்னேரம் வெறுங்கையோடு வந்தாள். ஜெட்டியில் ரிக்கெற் கிழிக்கிறவர் வாங்கி வைத்துவிட்டாராம். எண்ணெய்க் கான் ஆட்களோடு ஏற்றக்கூடாது என்பது விதி. வெறும் கான், உள்ளே ஒன்றுமில்லை, காற்றுத்தான் என்று அவள் சொன்னாளாம். காற்றென்றாலும் கான் கான்தான் என்று அவர் சொன்னாராம்.

தாம்போதியைத் திருத்துகிறார்கள் என்றார்கள். போய்ப் பார்த்தவர்கள், கல் கொட்டிக் கிடக்கிறது, வேலைக்கு ஆளைக் காணவில்லை என்றார்கள். இடமாற்றம் கேட்கலாமே என்று தர்சினியிடம் சொன்னேன். “எல்லாரும் கேட்டா அந்தப் பிள்ளையளுக்கு ஆர் படிப்பிக்கிறது?” என்றாள். அக்கரையில் நின்றுபோன என் பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாததா.

மழை பெய்த நாள்

அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். பின்னேரம் பெருமழை. நான் குடையோடு ஜெட்டியடிக்குப் போய் நின்றேன். குடாவில் கரையும் தெரியவில்லை, படகும் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. எஞ்சின் சத்தம் முதலில் வந்தது. பிறகு செம்மஞ்சள் நிறம் வந்தது.

தர்சினி தெப்பமாக நனைந்து இறங்கினாள். கூரை ஒழுகியதாம். அலை வேறு உள்ளே அடித்ததாம். வீட்டுக்கு வந்து தலை துவட்டிக்கொண்டே, தேத்தண்ணியை ஊதிக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

“அம்மா, அந்த ஜக்கெற் இண்டைக்கு என்ன பாரம். தோள் ரெண்டும் நோகுது.”

நான் அடுப்படியில் நின்றேன்.

“உன்ர மட்டுமோ?”

“எல்லாற்றயும்தான். நஸீமா ராத்தா தயிர்ச் சட்டியை விடப் பாரம் எண்டு பகிடி விட்டவ. கழட்டித் தாறம் எண்டா அப்பா கழட்டவும் விடேல்ல, கட்டவும் விடேல்ல. முடிச்சை மட்டும் தளத்திக் கொண்டு இருங்கோ எண்டு எல்லாருக்கும் சொன்னவர்.”

இவர் முற்றத்துப் பக்கம் கதிரையில் இருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். தலையை நிமிர்த்தவில்லை. தேத்தண்ணிக் கோப்பையில் எறும்பு ஒன்று விழுந்திருந்தது. அதை விரலால் எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். எறும்பு விரலில் ஏறுவதும் வழுக்குவதுமாக இருந்தது. எடுத்து முடிக்கும் வரைக்கும் அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதிகாரியிடம் திரும்பவும் போனேன். “மழையில நனைஞ்சா எந்தச் சட்டையும் பாரம்தானே அம்மா,” என்றார். கொழும்பிலிருந்து மறுமொழி வரவில்லையாம். சொல்லும்போது அவருடைய கண் கடல் பக்கம் போய் வந்தது. அவருக்கும் பயம் என்று கண்டுகொண்டேன். பயந்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது

இதை எழுதுவது இவருக்குத் தெரியும். “பேரை மாத்திப் போடு,” என்றார். மாற்றியிருக்கிறேன். “எழுதி என்னத்தைக் காணப்போறாய்?” என்று கேட்கவில்லை. முன்பென்றால் கேட்டிருப்பார்.

வளவில் கொடிகள் இப்போது வெறுமையாக இருக்கின்றன. மான் வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

இந்த வாரம் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. படகு காலையில் போகிறது, பின்னேரம் வருகிறது. ஒவ்வொரு நாளும் வந்திருக்கிறது. ஆட்கள் செம்மஞ்சள் சட்டையோடு துணிந்து இருக்கிறார்கள். முன்பு அலை பெரிதென்றால், நாளைக்குப் போவோம் என்று திரும்புகிறவர்கள்கூட இப்போது ஏறுகிறார்கள்.

நானும் ஏறுகிறேன்.

மழைக்கு அடுத்த நாளிலிருந்து நான் தினமும் மகளோடு அக்கரை போய், அங்கே ஒரு மரத்தடியில் இருந்து, பின்னேரம் அவளோடு திரும்பி வருகிறேன். ஊர் திரும்பவும் சிரிக்கிறது. மடியில் ஒரு சந்தைப் பை. மேலே முருங்கைக்கீரை தெரியும்படி வைத்திருப்பேன். கீரைக்குக் கீழே இவர் உடுத்துகிற பழைய சாரத்தால் சுற்றிய வெள்ளைக் கான் இருக்கிறது. ரிக்கெற் கிழிக்கிறவர், “இந்தக் கீரையை ஆருக்கு அம்மா நாள் தவறாமல் கொண்டு போறீங்கள்?” என்று கேட்டார். அக்கரையில் தெரிந்த ஆட்கள் என்று சொன்னேன்.

கண்ணை மூடிக்கொண்டுதான் முதல் நாள் இருந்தேன். நஸீமா ராத்தா பக்கத்தில் வந்து நெருங்கி இருந்தார். படகு ஒரு அலையில் ஏறி விழுந்தபோது அவருடைய கை பையில் பட்டது. கீரைக்குக் கீழே தடவினார். மூடி, பிடி, கயிறு எல்லாம் தடவிப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த மனுசி வாயில் அன்றைக்குப் பகிடி வரவில்லை.

“நல்லா இறுக்கிப் பூட்டினியா புள்ள?” என்று காதுக்குள் கேட்டார்.

“ஓம் ராத்தா.”

அவர் கையை எடுக்கவில்லை. பையின் மேலேயே வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் தயிர்ச் சட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கத்தில்தான் இருக்கிறார்.

முன்னால் மகள் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு வருவாள். பின்னால் இவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் சாரத்துக்குள்ளால் கானின் பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வருவேன். சின்னப் பிடி. இரண்டு கைக்கு இடம் இருக்கிறது. கயிற்றையும் சேர்த்து நெருக்கிப் பிடித்தால் மூன்று.

நாங்கள் நாலு பேர்.